பெரிய கோபுரம் எந்தப் பக்கம்?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் என் காதில் விழுந்தது மூன்று நான்கு வாக்கியம்தான், மீதியெல்லாம் கைச்சரக்கு. ஒரு சான்றிதழுக்குச் சட்டம் போடப் போயிருந்தேன். கடையில் ஒரு விளக்குப் படம் தொங்கியது. மெல்லிய ஃபிலிமில் அச்சடித்து, பின்னால் பல்பு எரியவிடுவார்களே, அந்த மாதிரி. படத்தில் இருந்தது ஊரெல்லாம் அறிந்த அந்தப் பெரிய சர்ச். இரண்டு கோபுரம், ஒன்று நெட்டை, இன்னொன்று பாதியில் விட்ட குட்டை. நேரில் பார்த்தவன் ஆயிற்றே, என் வாய் சும்மா இருக்குமா?

"படம் திரும்பியிருக்கே? நெட்டைக் கோபுரம் இடப்பக்கம்ல இருக்கணும்?"

கடைக்காரர் சிரித்தார். "ஃபிலிமோட பின்பக்கத்தை முன்னால வெச்சு மாட்டிட்டேன் சார். போன வருஷம் நேர்ல போனப்பதான் தெரிஞ்சுது."

பக்கத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த மனைவி சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் அதான் மொத தடவை," என்றாள். அவர் ஆணி எடுக்க உள்ளே போய்விட்டார்.

'ரெண்டு பேருக்கும்' என்று அவள் எதற்கு அழுத்திச் சொல்ல வேண்டும்? ஆணி டப்பா அவர் கையிலேயே இருந்ததே? மூன்று நாளாக எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

2

முதல் தொடக்கம்: "காலை வெயிலில் தண்டவாளம் வெள்ளியாய்—" வேண்டாம். ரயில் என்றாலே எழுதுகிறவனுக்கு வெள்ளி வந்துவிடுகிறது.

இரண்டாவது: "கண்ணாடிக்காரி அன்று மகிழ்ச்சியாக இருந்தாள்." இது இருக்கட்டும். அவளை அப்படித்தான் கூப்பிடப்போகிறேன். சட்டம் அறுத்து ஒட்டுவது அவர் வேலை, கண்ணாடி அளந்து வெட்டுவது அவள் வேலை. ஒன்பது வயதில் ஒரு மகள், வீட்டில் அழைப்பது வாலு.

மகிழ்ச்சிக்குக் காரணம் உண்டு. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் இந்த மனிதர் வந்து, "கட்டிக்கிறியா?" என்று கேட்டபோது, முடியாது என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்: "அந்தப் பெரிய சர்ச்சுக்குப் போயிருக்கேன். சதுக்கத்துக்குள்ள நுழைஞ்சா வலதுகைப் பக்கம் பெரிய கோபுரம். அதுக்கு அடியில நின்னு, உன்னைக் குடுன்னு கேட்டேன்."

அதுவரை அவளை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. சரி என்றுவிட்டாள். அவர் படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷத்திலும், வாலுவுக்கு முன்னால் பிறந்தது தங்காமல் போனபோதும், அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தாள். கேட்டு வாங்கின மனுஷன், கைவிடமாட்டார் என்று.

[முதல் பிரதியைப் படித்த நண்பர் கேட்டார்: "போன்ல பார்த்திருக்க மாட்டாங்களா?" ஐயா, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கடையில் கண்ணெதிரே தொங்குவதை யார் போனில் தேடுவார்கள்?]

3

ரயிலில் மூன்று மணி நேரம். வாலு ஜன்னலை விட்டு நகரவில்லை, வாயையும் மூடவில்லை.

"அப்பா, உள்ள எப்படி இருக்கும்?"

"உள்ளயா? பெருசா இருக்கும்."

"எவ்வளவு பெருசா?"

"ரொட்டியைச் சாப்பிடு மொதல்ல."

"பார்த்தவர்தானே, சொல்லுங்களேன். எனக்கும் ஆசையா இருக்கு," என்றாள் கண்ணாடிக்காரி.

"இன்னும் ஒரு மணி நேரத்துல நேர்லயே பார்க்கப்போறே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டு, அவர் கைகழுவப் போனார்.*

* நீங்கள் இங்கேயே கண்டுபிடித்திருப்பீர்கள். அவள் கண்டுபிடிக்கவில்லை. நம்பினவர்களிடம் குறுக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது.

4

ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. ஒரு செருப்புக் கடை, பூட்டிக் கிடந்த வங்கி, குறுகலான சந்து, அதைத் தாண்டியதும் சதுக்கம். நெட்டைக் கோபுரம் இடப்பக்கம் நின்றது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "இது இல்ல. இது வேற சர்ச். தப்பான ஸ்டேஷன்ல இறங்கிட்டோம், வாங்க போலாம்," என்று வாலுவின் கையைப் பிடித்து இழுத்தார்.

அங்கே படங்கள் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "தம்பி, இந்த ஊர்ல இருக்கறதே இது ஒண்ணுதான்."

"இல்லம்மா, எனக்கு நல்லாத் தெரியும். பெரிய கோபுரம் வலதுகைப் பக்கம்—"

"நாப்பது வருஷமா இங்கதான் உக்காந்திருக்கேன். அது ஒருநாளும் எழுந்து அந்தப் பக்கம் போனதில்ல."

வாலு கைகொட்டிச் சிரித்தாள். "அப்பா! நம்ம கடைப் படம்தான் திரும்பியிருக்கு! ஃபிலிமை மாத்தி மாட்டிட்டீங்க! முன்னாடி வந்தப்போ கவனிக்கலையா?"

சட்டம் போடுபவரின் மகள், ஒரே நொடியில் பிடித்துவிட்டாள். கண்ணாடிக்காரியும் பிடித்துவிட்டாள், வேறொன்றை. இங்கே ஒருமுறை நின்றவராக இருந்தால் படம் தப்பு என்றிருப்பார். சர்ச்சே தப்பு என்று சொல்ல, படத்தை மட்டும் பார்த்தவரால்தான் முடியும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் கெட்டிக்காரர்கூட இல்லை, பதினான்கு வருஷம் ஓட்டியிருக்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரமாக வந்தது. இத்தனை நாள் ஒரு பொய்யிலா சாய்ந்துகொண்டிருந்தேன்?

5

எழுத்து இங்கே நின்று நான்கு நாள் ஆகிறது. அந்த மனிதரை என்ன செய்வது என்று தெரியவில்லை. கெட்டவராக்கிப் பார்த்தேன், மாட்டேன் என்கிறார். குழந்தை போன பிறகு ஒரு மாதம் அவள் கடைப்பக்கம் வராதபோது, அவள் வேலையையும் தானே செய்யப்போய் விரல்களைக் கிழித்துக்கொண்டவர் அவர். "பொய்யைச் சொல்லிவிட்டு, அந்தப் பொய்க்கு உண்மையாக வாழ்ந்தார்" என்று எழுதினேன். அழகாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து அடித்துவிட்டேன்.

முடிவு அ: அவள் ஒன்றும் கேட்காமல் ரயிலேறுகிறாள். (இது அவளுடைய பெருந்தன்மை இல்லை, என் சோம்பேறித்தனம்.)

முடிவு ஆ: மகள் எதிரிலேயே போட்டு உடைக்கிறாள். (செய்யமாட்டாள். பிள்ளை அந்த நாளுக்காக இரண்டு மாதம் காத்திருந்தது.)

இன்றும் ஒரே கடையில்தானே நிற்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சேர்ந்து நிற்பதில் என்ன தெரிந்துவிடும்? எத்தனையோ பேர் நிற்கிறார்கள்.

6

வாலுவைப் படக்கார அம்மாளிடம் விட்டுவிட்டு, அவரைத் தனியாக அழைத்துப் போனாள்.

"நீங்க இங்க வந்ததே இல்லைல்ல?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார். "இல்ல."

"அப்புறம் ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"முடியாதுன்னு சொல்லப்போறேன்னு உன் மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அப்புறம்... வருஷம் ஆக ஆக, சொல்ல இன்னும் பயமாயிடுச்சு."

அவள் சர்ச்சின் கதவைக் காட்டினாள்.

"அன்னிக்கு நான் யாருன்னே உங்களுக்குத் தெரியாது. இப்போ தெரியும். என் கோவம், என் புலம்பல், எல்லாம். உள்ள போங்க. அன்னிக்குக் கேட்டதா சொன்னதை இன்னிக்குக் கேளுங்க. கேக்கத் தோணலைன்னா கேக்க வேண்டாம். ஆனா வெளிய வந்து பொய் மட்டும் சொல்லாதீங்க."

அவர் போனார். அவர் திரும்பிவர இருபது நிமிடம் என்று எழுதியிருந்தேன். அவள் நிற்பதைப் பார்த்துப் பத்தாகக் குறைத்தேன். கதவு திறந்தது. அவர் கண் கலங்கியி— இல்லை, கண்ணைக் காட்டி விடையைச் சொல்லக்கூடாது. வெளியே வந்தார், அவ்வளவுதான்.

"கேட்டீங்களா?" என்றாள்.

அவருக்காக ஏழு பதில் எழுதினேன். ஏழும் கேட்க நன்றாக இருந்தன. கேட்க நன்றாக இருந்த ஒன்றைச் சொல்லித்தான் இவர் அவளைக் கட்டினார். இன்னொன்றையும் அவள் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், பல வருஷமாகப் பார்த்துப் பழகிய முகம். எல்லாம் தெரிந்த பிறகும், உள்ளே போய், அவரையே குடு என்று கேட்பீர்களா? உங்களுக்கு என்ன வருகிறதோ, அதையே இவரைச் சொல்லவிடுங்கள். சீக்கிரம், அவள் வெயிலில் நிற்கிறாள்.