சம்சாரம் எங்ஙனெயுண்டு?

வன்னியபெருமாள் பேச நினைத்ததையெல்லாம் அவன் மனைவி கலைச்செல்வியின் வாய் பேசத் தொடங்கியது, அவர்கள் குடியிருந்த கரமனையில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்த செவ்வாய்க்கிழமை. குழாயை வியாழனன்று சரிசெய்துவிட்டார்கள். தம்பானூர் ஹோட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டராக அவன் சங்கரன்கோவிலிலிருந்து வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் வலது கை நடுங்க ஆரம்பித்து, வீசிய மாவு ஒரு கண்டக்டரின் தோளில் போய் விழுந்தது. தட்டு கழுவ விட்டார்கள், தட்டுகள் உடைந்தன. ஊருக்கே திரும்ப வேண்டியதுதான் என்றிருந்தபோது ஓர் ஆஸ்பத்திரியில் கை நடுக்க ஆய்வுக்கு ஆள் எடுத்தார்கள். தலைக்குள் அரிசிக் குருணை அளவில் ஒரு கருவியை வைத்தார்கள். அது நரம்பின் போக்கை ஓயாமல் குறித்துக்கொள்ளும், நடுக்கம் கிளம்பினால் துளி மின்சாரம் விட்டு அடக்கும். கை அடங்கியது. இதில் சிலருக்குப் பேச்சு குழறும் என்பதால், கரண்டைக் கூட்டிக்கொண்டிருந்த டெக்னீஷியன் ஜெஸ்லின், "சம்சாரம் எங்ஙனெயுண்டு?" என்று கேட்டாள். பேச்சு எப்படி இருக்கிறது என்பது அவள் மலையாளம். பொண்டாட்டி எங்கே என்று அவன் காதில் விழுந்தது. வாசலைக் கைகாட்டி, "அந்தா நிக்காள்லா" என்றான். அவன் சொந்த வாயால் பேசிய கடைசி வார்த்தை அதுதான். பேச்சு வாசலில் நிற்பதாகக் குறித்துக்கொண்ட கருவி, அன்றிலிருந்து அதை அங்கேயே அனுப்பியது.

அவன் மறுபடி பரோட்டாக் கல்லுக்கே போனான். கலைச்செல்விக்குக் கிழக்கேகோட்டையில் புடவைக் கடை வேலை. கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்குப் பட்டு விரித்துக் காட்டும்போதே அவள் வாய், "சால்னா காலி, நாலு கொத்து பார்சல்!" என்று கத்தியது. பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார முடியாமல் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தாள். நடந்தாலும் விடவில்லை. தன் பேச்சை அவன் பேச்சுக்கு நடுவே கிடைத்த சந்தில்தான் நுழைக்க வேண்டியிருந்தது. வீட்டில் சண்டை வந்தால் இரண்டு பக்கமும் அவளே பேசினாள், யார் ஜெயித்தார்கள் என்று பக்கத்து வீட்டு ஜெபமலருக்குக் கடைசிவரை தெரியவில்லை. வாயை அடக்கு, இல்லை வேறு இடம் பார் என்றார் கடை மேனேஜர். வன்னியபெருமாள் எதையும் பேச நினைக்காமலிருக்கப் பாடுபட்டான், மத்தியானத்துக்கு மேல் தாங்காது. ஒரு நாள் நடுரோட்டில் அவள் வாய் தாழ்ந்த குரலில், "ஏட்டி, சாப்ட்டியா?" என்றது. பதினாலு வருஷத்தில் அவன் அதை ஒரு நாளும் கேட்டதில்லை. அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

ஆறாம் மாதப் பரிசோதனையில் ஜெஸ்லின், கரண்டைக் குறைத்தால் பேச்சு பழையபடி ஆகும், நடுக்கமும் திரும்பி வரும், அவர் சம்மதம் சொல்ல வேண்டும் என்றாள். அவனுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாது. "கொறச்சிருங்கம்மா, அவ வாய அவகிட்டயே குடுத்திருங்க" என்று நினைத்தான். அது தொண்டைக்கு வந்ததுமே கலைச்செல்விக்கு என்னவென்று தெரிந்துவிட்டது. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்தாள். மறுபடி வந்தது, விழுங்கினாள். மூன்றாம் தடவை கண்ணில் நீர் தளும்பியது, அதையும் விழுங்கினாள். அவன் தவித்துப்போய் வலது கையைக் கவிழ்த்து, குறையுங்கள் என்று மெதுவாகத் தாழ்த்திக் காட்டினான். ஜெஸ்லின் கையை மட்டும் பார்த்தாள்.

"ஒட்டும் விறயில்லல்லோ!" என்று, கை துளியும் நடுங்காததில் சந்தோஷப்பட்டாள். பிறகு பட்டியலில் மிச்சமிருந்த கேள்வியைக் கேட்டாள், "சம்சாரம் எங்ஙனெயுண்டு?"

கலைச்செல்வி முந்தானையை எடுத்தாள். "கொழப்பமில்ல மேடம். அப்படியே இருக்கட்டும்" என்றாள். அது அவளே சொன்னது.

புடவைக் கடை வேலை அந்த வாரமே போயிற்று. இப்போது அவள் தம்பானூரில், அதே ஹோட்டலின் வாசலில் நின்று பார்சல் கொடுக்கிறாள். கல்லுக்கு முன்னால் மாஸ்டர் நினைப்பதை வாசலில் அவள் சொல்கிறாள், புது ஆட்கள் மட்டும் திரும்பிப் பார்க்கிறார்கள். கூட்டம் குறையும் நேரத்தில், "ஏட்டி, சாப்ட்டியா?" என்று கேட்டு, "இன்னும் இல்ல, நீங்க?" என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்கிறாள். பரோட்டா நன்றாக இருக்கிறது.