ஐந்து பேரும் ஏறிய பிறகு

காரில் ஐந்து பேர் இருந்தார்கள்; கார் எங்கும் போகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சின்னவள். பக்கத்து இருக்கையில், முழங்காலை நீட்ட இடம் வேண்டுமென்பதால், மாமனார். பின்னால், சின்னவளுக்கு நேர் பின்புறம் மாமியார், நடுவில் மகள், அந்தப் பக்கத்துக் கதவோடு ஒட்டிக்கொண்டு கணவன். ஆறாவது ஆள் காருக்கு வெளியே, பட்டறைத் தரையில் ஒரு பழைய அட்டையை விரித்துப் பின்சக்கரத்தின் பக்கத்தில் படுத்திருந்தார். அவர் மெக்கானிக். ஸ்பிரிங் அண்ணன் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும்.

"யாரும் அசையாதீங்க," என்று தரையிலிருந்து குரல் வந்தது.

"மூச்சு விடலாமா?" என்று கேட்டார் மாமியார்.

"விடுங்கம்மா. ஆனா மெதுவா."

போன வாரம் காலியாக நின்ற காரில், சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே அவருடைய இரண்டு விரல்கள் தாராளமாகப் போய் வந்தன. இன்று நகம்கூட நுழையவில்லை.

"தங்கச்சி, டயர் தகரத்துக்கு முத்தம் குடுத்துக்கிட்டு இருக்கு," என்றார்.

சின்னவள் கண்ணாடியில் பார்த்தாள். மூன்று முகங்களும் மூன்று திசையில் திரும்பிக்கொண்டன.

அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குத் தன் காரில், தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போய் இறங்க வேண்டும். அவ்வளவுதான். அக்காவின் கணவர் மலைமேல் ஓர் அணையில் வேலை பார்க்கிறார். அங்கே போன் எடுக்காது. அக்காவும் தங்கையும் கடிதம்தான் எழுதிக்கொள்வார்கள். மலைக்கான தபால் வாரத்துக்கு ஒரு தடவை போகும். 'எல்லாரும் வாருங்கள். இந்த வாரத் தபாலில் உன் பதில் வராவிட்டால் உன் அத்தானே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்' என்று அக்கா எழுதியிருந்தாள்.

அத்தானின் வண்டி பெரிய வண்டி. ஏறுவதற்கே ஒரு படி உண்டு. போன வருஷம் இவர்களைக் கூட்டிப்போக வந்தபோது சின்னவளின் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் இங்க விட்டுட்டு வரணும்? டிக்கியில போட்டுக்கலாமே," என்றார். வழி நெடுக அந்தப் பேச்சுதான். நல்ல மனுஷர், வாய்தான் நிற்காது. சின்னவளும் சிரித்துக்கொண்டேதான் வந்தாள். இறங்கும்போது தாடை வலித்தது.

அப்போது சின்னவளின் காரை மலைக்குக் கொண்டுபோக முடியாததற்கும் காரணம் இருந்தது. வளைவில் திருப்பினால் தொட்டில் மாதிரி ஆடும். மூன்றாவது வளைவிலேயே மாமியாருக்கு வயிற்றைப் புரட்டும். சின்னவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள். வாந்திக்கு மாத்திரை கொடுப்பதைவிட ஆட்டத்தை நிறுத்துவது மேல் என்று முடிவு செய்தாள். புதுச் சாமான் வாங்கக் கட்டாது. விபத்தில் நொறுங்கிப்போன ஒரு காரின் நல்ல ஷாக் அப்சார்பர்களும் குட்டை ஸ்பிரிங்குகளும் ஸ்பிரிங் அண்ணனிடம் இருந்தன. வேறு மாடலுக்கு மாறிய ஒருவர் கழற்றிப்போட்ட அலாய் சக்கரங்கள், பழையதைவிடச் சற்று அகலமாக, பாதி விலைக்குக் கிடைத்தன. ஒன்றில் மட்டும் ஓரத்தில் சிராய்ப்பு. அதைச் சுவர்ப் பக்கமாக நிறுத்தினால் போச்சு. சீட் உறையை மாமியாரே தைத்தார். மீந்த துணியில் கழுத்துக்கு ஒரு தலையணையும் வந்தது.

வேலை முடிந்த அன்று கார் தரையோடு பதுங்கி, பாயப்போகிற பூனை மாதிரி நின்றது. சின்னவள் இரவு பால்கனிக்கு மூன்று தடவை போய் எட்டிப் பார்த்தாள். மறுநாள் ஐந்து பேரும் ஏறினார்கள். முதல் வேகத்தடையில் பின்னாலிருந்து கர்ரென்று ஒரு சத்தம். இரண்டாவதில் இன்னும் நீளமாக. தெருக்கோடிக்குப் போவதற்குள் ரப்பர் தீய்ந்த வாசனை.

அதனால்தான் இன்று இந்தக் கூட்டம்.

ஸ்பிரிங் அண்ணன் எழுந்து தூசியைத் தட்டினார். "கணக்கு எங்கேயோ இடிக்குது. யார் யார் எங்க உக்காருவாங்க, என்ன எடைன்னு கேட்டுத்தானே ஸ்பிரிங் எடுத்தேன். நீதானே போன்ல சொன்னே?"

"அவங்க சொன்னதைத்தான் சொன்னேன்."

"தராசுல நிறுத்தலையா? உங்க கடையிலேயே மெஷின் இருக்கே."

சின்னவள் கடையில் வருகிறவர் போகிறவரையெல்லாம் ஏறி நில்லுங்கள் என்று சொல்கிறவள்தான். ஆனால் மாமியாரைப் பார்த்து, அத்தை, கொஞ்சம் இதில் ஏறுங்கள் என்று சொல்ல எந்த மருமகளுக்கு நாக்கு வரும்? கேட்டாள், அவர் சொன்னார், இவள் ஒப்புவித்தாள்.

கணவன் கதவுப் பக்கம் பார்த்தபடியே சொன்னான்: "நான் சொன்னது நம்ம கல்யாணத்தப்போ இருந்த எடை."

"அதுக்கப்புறம் நீங்க ஏறலையா?"

"ஏறினேன். அந்த மெஷின் சரியில்லைன்னு நினைச்சேன்."

"நான் பையையும் சேர்த்துச் சொல்லணும்னு தெரியாதும்மா," என்றாள் மகள். அவள் மடியிலிருந்த பையில் கல்லூரிப் புத்தகங்கள் எல்லாம் இருந்தன.

இனி மிச்சம் ஒருவர்தான். மாமனார் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே, "இவ சொன்ன கணக்கு எனக்குத் தெரியும்," என்றார். "பொண்ணு பார்க்கப் போனப்போ இவங்கப்பா சொன்ன அதே நம்பர். அப்பவே எனக்குச் சந்தேகம்."

"உங்களை யார் கேட்டா?" என்ற மாமியார், தான் தைத்த தலையணையைச் சரிசெய்துகொண்டார். பிறகு சின்னவளின் தோளை ஒரு விரலால் தட்டினார். "இங்க பாரும்மா. நான் சொன்னதோட இன்னொரு பாதியும் போட்டுக்க. அதுக்கு மேல ஒரு கிலோ கிடையாது. ரெண்டு போட்டுக்க, எதுக்கும்."

முதலில் சிரித்தது ஸ்பிரிங் அண்ணன். அப்புறம் கார் முழுக்கக் குலுங்கியது. டயர் மறுபடி தகரத்தில் உரசியது.

அவர் விரலை மடக்கி ஒரு வழி சொன்னார். முன்பக்கம் இருக்கிறபடியே இருக்கட்டும். ஷாக் அப்சார்பர் நாலும் இருக்கட்டும். வளைவில் ஆட்டம் வராது. பின்னால் மட்டும் குட்டை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, கம்பெனியில் வந்த பழைய ஸ்பிரிங்கையே போட வேண்டும். சக்கரத்துக்கு மேலிருக்கும் தகர வளைவின் உள்விளிம்பையும் கொஞ்சம் மடக்கிவிடலாம். "செலவு கிடையாது. ஆனா ஒண்ணு. காலியா நிக்கும்போது பின்னாடி தூக்கிக்கிட்டு நிக்கும், முட்டையிடப் போற கோழி மாதிரி. இவங்க எல்லாம் ஏறினா மட்டம் ஆயிடும்."

சின்னவளுக்குப் பால்கனி ஞாபகம் வந்தது. பதுங்கி நின்ற அந்தப் பூனை. "இல்லேன்னா?"

"இல்லேன்னா இப்படியே அழகா வச்சுக்க. நீங்க ரெண்டு பேர் மட்டும் போயிட்டு வாங்க. மத்தவங்க உங்க அத்தான் வண்டியில."

அவள் ஸ்டியரிங்கைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் மாமியார் தெரிந்தார். போன வருஷம் அத்தானின் கேலிக்கு வண்டியில் சிரிக்காமல் வந்த ஒரே ஆள் அவர்தான்.

"கோழியாவே நிக்கட்டும்ணே. பழைய ஸ்பிரிங்கையே போட்டுடுங்க."

"அதைக் கொண்டா."

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "அதுல ஒரு சிக்கல். நான் அதுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சு, பால்கனியில அதுமேல தொட்டி வச்சிருக்கேன்."

"எந்தத் தொட்டி?"

"ரோஜா ஒண்ணு. இன்னொண்ணு கற்றாழை. ரோஜா மொட்டு விட்டிருக்கு."

"இறக்கி வைங்க," என்றார் மாமியார். "என்னையே இறக்கிட்டாங்க. ரோஜாவுக்கு என்ன வந்தது?"

கணவன் வீட்டுக்கு நடந்துபோய், மண்ணோடு இரண்டு பச்சை ஸ்பிரிங்குகளைச் சாக்கில் தூக்கி வந்தான். கனம் தாங்காமல் வழியில் இரண்டு இடத்தில் நின்றதாகவும், கல்யாணத்தப்போ இருந்த எடையாக இருந்தால் நிற்காமல் வந்திருப்பேன் என்றும் சொன்னான். ஸ்பிரிங் அண்ணன் அவற்றைத் துடைத்து, அடியில் புது ரப்பர் வைத்துப் பொருத்தினார். பெயிண்டைச் சுரண்டவில்லை. காரை ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அவர் சொன்னபடியே அது பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. சக்கரத்தின் இடுக்கில் பச்சை எட்டிப் பார்த்தது. சின்னவள் ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏறுங்க எல்லாரும்," என்றார் அவர்.

ஏறினார்கள், அவரவர் இடத்தில். கடைசியாக மாமியார் உட்கார்ந்ததும் கார் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் அமர்ந்து மட்டமானது. ஸ்பிரிங் அண்ணன் குனிந்து விரலை நுழைத்தார். ஒன்று போனது. இரண்டாவதும் போனது.

வேகத்தடையில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். சத்தம் வரவில்லை. ரவுண்டானாவை இரண்டு சுற்றுச் சுற்றினாள். பின்சீட்டிலிருந்து மாமியார், "இன்னொரு சுத்துகூடச் சுத்தலாம், எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார். சுற்றினாள்.

தபால் நிலையத்தின் முன் நிறுத்தி, கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். அக்கா கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் எழுதியிருந்தாள்; கடைசிப் பத்தி மட்டும்தான் பாக்கி. ஸ்டியரிங்கின் மேல் தாளை வைத்து எழுதினாள்:

'நாங்கள் ஐந்து பேரும் எங்கள் காரிலேயே வருகிறோம். அத்தான் மலை இறங்க வேண்டாம் என்று சொல். ஒரு விஷயம். கார் வந்து நின்றதும், நாங்கள் இறங்குவதற்கு முன்னால் அவரைப் பார்க்கச் சொல். இறங்கிய பிறகு பார்த்தால் ஏதாவது சொல்வார்.'

கடிதத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டினாள். மாமியார் அதை வாங்கித் தன் தொடைமேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டவைத்துக் கொடுத்தார். கவுன்ட்டரில் இருந்தவர் உறையைத் தராசில் போட்டு, முள்ளைப் பார்த்து, இன்னொரு ஸ்டாம்பும் ஒட்ட வேண்டும் என்றார். சின்னவள் சிரித்துக்கொண்டே வாங்கி ஒட்டினாள். அவர் முத்திரை குத்தி, மலைக்குப் போகிற பையில் போட்டார்.