காலியாகத் திரும்பிய விமானம்

மார்க்கூசி அடித்த அடியில் பலகை பிளந்துவிட்டது.

"டேய், அது உங்க அண்ணன் படுக்கப் போற பெட்டி. சுரங்கத்துல பாறை ஒடைக்கிற நெனப்புல அடிக்காத," என்றான் சிமியோனி.

மார்க்கூசி ஆணியைப் பிடுங்கினான். ஊராட்சிக் கொட்டகையில் அவர்கள் இருவர்தான் இருந்தார்கள். பனி தள்ளும் வண்டியை ஓரமாக நகர்த்திவிட்டு அந்த இடத்தில் பலகைகளைப் பரப்பியிருந்தார்கள். சிமியோனி அவனுடைய பெரியம்மா மகன். வடதுருவத்தை ஒட்டிய எங்கள் சின்ன ஊரில் விமான ஓடுபாதையில் பனி தள்ளுவதும் அவன்தான், வீட்டுக் கொதிகலன் நின்றுபோனால் கூப்பிடுவதும் அவனைத்தான், சவப்பெட்டி செய்வதும் அவன்தான். எந்த வேலையாக இருந்தாலும் வாய் மட்டும் மூடாது.

"குழியைப் பத்திக் கவலையில்ல. குளிர்ல தரை இறுகறதுக்கு முன்னாடியே வெட்டிப் போட்டதுல ஒண்ணு மிச்சம் இருக்கு. அன்னிக்கு உங்க அண்ணனும் கூட நின்னு வெட்டினாரு. இன்னும் கொஞ்சம் ஆழமாப் போங்கடா, யாரு வரப்போறாங்களோன்னாரு."

"பலகையைப் பிடி."

"பிடிச்சுட்டுத்தானே இருக்கேன். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்த ஆம்புலன்ஸ் விமானத்துக்குப் பனி தள்ளினது நான்தான். படுக்கையை இறக்கி உருட்டிட்டுப் போனாங்க. கொஞ்ச நேரத்துல அப்படியே கொண்டாந்து மடக்கி ஏத்திட்டாங்க. காலியா. இத்தனை வருஷத்துல ஆள் இல்லாம திரும்பின விமானத்தை நான் பாத்ததே இல்ல."

மார்க்கூசியின் சுத்தியல் நின்றது. "ஏன் காலியாப் போச்சு?"

"என்னைக் கேட்டா? உன் மககிட்ட கேளு."

மகள் என்று அவன் சொன்னது மார்க்கூசியின் அண்ணி ஊலிபீகாவை. அவள் அவனைவிடப் பல வயது மூத்தவள். அவளுடைய அப்பாவின் பெயரும் மார்க்கூசிதான். தெற்கிலிருந்து வந்த அரசாங்க எக்ஸ்ரே கப்பல் அவருக்குக் காசநோய் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனது. எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தெரியவில்லை. செத்த சேதி வந்த குளிர்காலத்தில் பக்கத்துக் கூடாரத்தில் பிறந்த பையனுக்கு அவர் பெயரை வைத்தார்கள். பெயரோடு ஆளும் வந்துவிடுகிறார் என்பதுதான் எங்கள் கணக்கு. அன்றிலிருந்து அந்தக் கைக்குழந்தையை அவள் அப்பா என்றாள். பேச்சு வந்ததும் அவன் அவளை மகளே என்றான். பிற்பாடு அவள் அவனுடைய அண்ணன் ஜோனாசியையே கட்டிக்கொண்டபோதும் அது மாறவில்லை. மாப்பிள்ளையின் தம்பியே மாமனாராகவும் நிற்கிறானே என்று கல்யாணத்தன்று ஊரே சிரித்தது.

இந்தத் தடவை, வேலை பார்க்கும் சுரங்கத்திலிருந்து வந்து இறங்கியதிலிருந்து அவன் அவளை மகளே என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

மார்க்கூசிக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. சுரங்கக் கம்பெனி சும்மா கொடுக்கிற காப்பியையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். வானிலை அறிக்கையில் புயல் என்றால் யாருக்கு லாபம் என்று யோசிப்பான். அதற்காக அவனைக் குறை சொல்லவும் முடியாது. வெள்ளைக்காரர்கள் சொன்னதை நம்பிக் கப்பலேறிய ஒருவரின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறவன் அவன். ஆனால் இதுவரை அந்தச் சந்தேகம் ஊருக்கு வெளியே பார்த்துத்தான் நின்றது. இப்போது அது வீட்டுக்குள் திரும்பியிருந்தது, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அண்ணனுக்கு நெஞ்சில் சளி. இருமல் மாத்திரை, பிறகு இன்னொரு இருமல் மாத்திரை, கடைசியில் மூச்சே விட முடியாமல் போன பிறகு விமானம். விமானம் வந்தும் அவர் அதில் போகவில்லை. அதற்கடுத்து இரண்டாம் நாள் ஆள் இல்லை.

பெட்டி முடிந்ததும் மார்க்கூசி அண்ணன் வீட்டுக்கு நடந்தான். உடலுக்குப் போட நல்ல சட்டை வேண்டும் என்பது சாக்கு.

வீட்டில் எப்போதும் மூன்று குடும்பம் நெரியும். கூடத்தில் மெத்தைகளை மடித்துச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். ஜன்னல் மூலையில் பூஞ்சை, போன வருஷம் துடைத்த இடத்திலேயே மறுபடியும் கறுத்திருந்தது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தேவாலயத்தில் நாளைக்கு இடம் ஒழுங்கு பண்ணப் போயிருந்தார்கள். ஊலிபீகா மட்டும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் யாரோ கொண்டுவந்து வைத்த கரிபூ மான் கறி ஆறிக் கிடந்தது.

"அப்பா, சாப்பிடுங்க," என்றாள்.

"பசிக்கல. சட்டை எங்க?"

"கட்டிலுக்கு அடியில."

சட்டை அலமாரியில் இருக்காமல் கட்டிலுக்கு அடியில் ஏன் இருக்கிறது? அவன் உள்ளறைக்குப் போய்க் குனிந்து கையை விட்டான். அகப்பட்டது ஒரு பயணப் பை. இழுத்துத் திறந்தான். முகச்சவர டப்பா, கம்பளிக் காலுறை, பைபிள், மடித்து வைத்த வெள்ளைச் சட்டை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் கட்டுகிற பை. அவனுக்குக் காதுகள் சூடேறின.

சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான்.

"இந்தப் பையைக் கட்டினது யாரு?"

அவள் தலை நிமிரவில்லை. "அவரேதான். விமானம் வருதுன்னு சொன்ன அன்னிக்குக் காலையில. சட்டையை நாலு தடவை மடிச்சாரு. சரியாவே மடிக்கத் தெரியாது."

"அப்ப போகணும்னுதான் இருந்திருக்காரு."

"காலையில இருந்தாரு."

"சாயங்காலம் என்ன ஆச்சு?"

சுவரில் கொதிகலன் ஒருமுறை குலுங்கி ஓடத் தொடங்கியது.

"நான் கேக்கறேன்ல? விமானம் காலியாப் போச்சுன்னு சிமியோனி சொல்றான். கடையில அதைத்தான் பேசிக்கிறாங்க. நான் வந்து நின்னா பேச்சை நிறுத்திட்டு பால் டின்னைப் பாக்குறாங்க. யாரு அதைக் காலியா அனுப்பி வச்சது?"

"அந்தப் பொண்ணு, நர்ஸ், அவரு கட்டில்கிட்ட நின்னு கேட்டுச்சு. போறீங்களான்னு. மொழிபெயர்க்கிற ஆள் லீவு. அந்த வார்த்தைய மட்டும் நம்ம பாஷையில கத்துட்டு வந்து அதுவே கேட்டுச்சு. அவரு மூக்கைச் சுருக்கினாரு. நான் 'நோ'ன்னு சொன்னேன்."

எங்களுக்கு ஆமாம் என்பதும் இல்லை என்பதும் வாயில் வருவது கிடையாது. புருவம் ஏறினால் ஆமாம். மூக்கு சுருங்கினால் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வரும் புது வாத்தியார்கள் முதல் மாதம் முழுக்கப் பிள்ளைகள் பதிலே சொல்வதில்லை என்று புலம்புவார்கள். மூக்கைச் சுருக்கினார் என்றால் முடிந்துபோயிற்று, அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. மார்க்கூசிக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. மறு நிமிஷமே அவன் புத்தி வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

"அப்ப அவருக்கு ஆக்சிஜன் வச்சிருந்தாங்களா?"

"ம்."

"மூக்குல குழாய்?"

அவள் கை பாவாடை விளிம்பைப் பிடித்துத் திருகியது.

"மூக்குல குழாய் சொருகியிருந்தா எவனும்தான் மூக்கைச் சுருக்குவான்! அரிச்சாலும் சுருக்குவான், உறுத்தினாலும் சுருக்குவான். அதைப் பாத்தா நீ 'நோ'ன்னே?"

கதவை யாரோ தட்டினார்கள். இருவரும் திடுக்கிட்டார்கள். எங்கள் ஊரில் கதவைத் தட்டுவது போலீசும் தெற்கத்தி ஆட்களும்தான். மற்றவர்கள் நேரே உள்ளே வந்துவிடுவார்கள்.

வந்தது நர்ஸ் ஷானன். சில வார ஒப்பந்தத்தில் வந்திருக்கும் சின்னப் பெண். பூட்ஸைக் கழற்றத் தடுமாறி, ஒற்றைக்காலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. மார்க்கூசி அவளையும் நம்பவில்லை. அழுதவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"மன்னிச்சுக்கோங்க, இந்த நேரத்துல வந்ததுக்கு," என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். "நீங்க அவரோட தம்பிதானே? இவங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும். நீங்க மொழிபெயர்த்துச் சொல்வீங்களா?"

"என்ன விஷயம்?"

"மேலிடத்துலேருந்து போன் வந்துச்சு. விமானம் ஏன் ஆளில்லாம வந்துச்சுன்னு கேக்குறாங்க. அவரு வரமாட்டேன்னு சொன்னாருன்னு சொன்னேன். நிச்சயமாத் தெரியுமாங்கறாங்க." அவள் குரல் உடைந்தது. "அன்னிக்கு மொழிபெயர்க்க ஆள் இல்ல. எனக்கு நிச்சயமாத் தெரியுமான்னு எனக்கே தெரியல. ராத்திரியெல்லாம் அதையே நெனச்சுட்டு இருக்கேன்."

"நிச்சயம் இல்லைன்னா?"

"அப்ப மரண விசாரணை அதிகாரி முடிவு பண்ணுவாரு. உடம்பைத் தெற்க அனுப்பி சோதிக்கச் சொல்லலாம். வந்து விசாரிப்பாங்க. இவங்களையும்." ஊலிபீகாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "நாளைக்கு அடக்கம் நடக்காது. எப்பத் திருப்பி அனுப்புவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

மார்க்கூசிக்கு வேண்டியது இதுதான். யாராவது வந்து கேட்கட்டும், தோண்டட்டும், உண்மை வெளியே வரட்டும் என்றுதான் இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் ஊலிபீகாவின் பக்கம் திரும்பித் தங்கள் பாஷையில் சொன்னான், ஒரு வார்த்தையும் குறைக்காமல். விசாரணை, தெற்கு, உடம்பு, எல்லாம் சொன்னான். கடைசியில், "அவரு நிஜமாவே வரமாட்டேன்னாரான்னு கேக்குது. சொல்லு," என்றான்.

ஊலிபீகா வெகுநேரம் நர்ஸின் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது.

"தெரியல அப்பா," என்றாள். "மூக்கைச் சுருக்கினது வேண்டாம்னு சொல்லவா, குழாய் உறுத்தினதாலயான்னு எனக்குத் தெரியல. அப்பவே தோணுச்சு. குழாயை எடுத்துட்டு இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷம் ஆகாது. நான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா போறேன்னுடுவாரே."

அவன் சட்டையை இறுக்கிப் பிடித்தான்.

"நீங்க போறப்ப சீக்கிரம் வந்துடுவேன்னீங்க," என்றாள் ஊலிபீகா. அவனை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள். "கப்பல் மறையற வரைக்கும் நான் கையாட்டிட்டே நின்னேன். அம்மா உள்ள வாடின்னு அடிச்சாங்க, அப்பவும் போகல. அடுத்த கப்பலுக்கும் நின்னேன். நீங்க வரவே இல்லையே அப்பா."

மார்க்கூசிக்கு அந்தக் கப்பலைத் தெரியாது. அவன் பிறக்கும் முன்பே அது போய்விட்டது. ஆனாலும் அவன் முகத்தில் ரத்தம் ஏறியது, போன ஆள் தானேதான் என்பதுபோல. கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அண்ணன் அந்த விமானத்தில் ஏறியிருந்தால் பிழைத்திருப்பாரோ என்ற கேள்வி இனி சாகும்வரை அவனோடு வரும். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றாள் ஷானன்.

அவன் நர்ஸின் பக்கம் திரும்பினான்.

"வரமாட்டேன்னுதான் சொன்னாராம்," என்றான் ஆங்கிலத்தில். "இவ குழாயை எடுத்துட்டு மறுபடி கேட்டாளாம். ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னாராம். வீட்டுலயே இருக்கணும்னாராம்."

ஷானன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு ஊலிபீகாவின் பக்கத்தில் குனிந்து, எதையோ சொல்ல வந்து, தோளை மட்டும் தொட்டாள். அவளுக்கும் அந்த வார்த்தை வேண்டித்தான் இருந்தது. பூட்ஸைச் சரியாக மாட்டாமலே வெளியே போனாள். திறந்த கதவு வழியே குளிர் உள்ளே வந்து தரையோடு பரவியது.

மார்க்கூசி கதவை இழுத்துச் சாத்தினான். சட்டை இன்னும் அவன் கையில்தான் இருந்தது. கசங்கியிருந்தது.

ஊலிபீகாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் ரேடியோவில் வாராவாரம் பிங்கோ விளையாடுகிறவள். எண்களெல்லாம் தெரியும்.

"டூன்னு சொன்னீங்களே," என்றாள். "என்ன ரெண்டு?"

அவன் கதவைச் சரிபார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான். அவள் விடவில்லை.

"அப்பா. நான் சொன்னதுல ரெண்டு எங்க வந்துச்சு?"

"சட்டையைப் பத்தி," என்றான் மார்க்கூசி. அவளிடம் அதை நீட்டினான். "ரெண்டு பொத்தான் இல்லைன்னு சொன்னேன். தைச்சுக் குடு மகளே, நேரமாகுது."

அவள் சட்டையை மடியில் விரித்தாள். கழுத்திலிருந்து கீழ்வரை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். எல்லாப் பொத்தான்களும் இருந்தன. தையல் பெட்டியை இழுத்து வைத்து, ஊசியில் நூலைக் கோக்கத் தொடங்கினாள்.