ராசிக் கண்

எழில்மொழியை அந்த ஊரில் வெறுப்பவர் ஒருவரும் இல்லை. அவளுடைய தாய் செம்மொழிக்கு அதுவே சிறை.

டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த பிள்ளை என்று முதலில் முகம் திருப்பிய ஊர்தான் அது. பிறகு அவளுடைய இடக்கண் மூக்கை நோக்கிச் சாய்ந்திருப்பதைக் கண்டது. மாறுகண் ராசி என்றது. அவள் பார்த்து நின்ற ஒரு நெற்குவியல், கொள்முதல் நிலையத்தின் ஈரப்பதச் சோதனையில் தேறிவிட்டது. அவ்வளவுதான்! அன்றுமுதல் ஒவ்வோர் அறுவடைக்கும், எடைக்குக் காத்திருக்கும் குவியல்களின் முன்னே அந்த ஆறு வயதுக் குழந்தையை நிறுத்தினார்கள். நெல்லைக் காய வைத்தது வெயில். பெயரைத் தட்டிச் சென்றது பிள்ளையின் கண்!

தஞ்சாவூர்க் கண் மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். இத்தகைய பிள்ளைகளுக்குக் கண் கோளாறுகள் மிகுதி. சாய்ந்த கண்ணை இவளது மூளை கைவிட்டுக்கொண்டிருக்கிறது. கண்ணாடி மாட்ட வேண்டும். நல்ல கண்ணை அன்றாடம் சில மணி நேரம் மூடி, சோம்பிய கண்ணை உழைக்க வைக்க வேண்டும். காலம் தாழ்த்தினால் பார்வை மீளாது.

செம்மொழி நல்ல கண்ணின் மேல் பட்டை ஒட்டுவாள். ஒட்டியதும் சாய்ந்த கண் நேராகத் திரும்பும். ராசி போய்விடும் என்று வீடே பதறும். கூட்டம் தவறாமல் பகுத்தறிவுப் பேச்சுக் கேட்டு வளர்ந்த மாமனார் காத்தான் பிய்த்தெடுப்பார். அவர் மகனும் செம்மொழியின் கணவனுமான புகழேந்தியும் பிய்த்தெடுப்பான். திட்ட மாட்டார்கள், கை ஓங்க மாட்டார்கள். கொஞ்சிக்கொண்டே எடுப்பார்கள்.

அன்று காத்தானின் நெல்லே காத்துக் கிடந்தது. மழை வருவதும் போவதுமாக இருந்தது. மூக்கில் நழுவாதபடி நாடா கட்டிய கண்ணாடியும், நல்ல கண்ணில் பட்டையுமாக மகளைக் கொள்முதல் களத்துக்கே அழைத்து வந்தாள் செம்மொழி.

"ஏம்மா, இன்னிக்கி ஒரு நாளு அத எடுத்துட்டாதான் என்ன?" என்றார் காத்தான்.

"ராசிக் கண்ணு தொறந்துதானே இருக்கு மாமா? அது எதப் பாக்குதுன்னு எல்லாரும் பாருங்க. எழிலு, அப்பாகிட்ட போம்மா."

குழந்தை கைகளை முன்னே நீட்டியபடி நடந்தது. எதிரே நின்ற தந்தையைக் கடந்து சென்று, மூட்டை தூக்கும் ஒருவரின் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா!" என்றது.

"புகழேந்தி, ஒம் மவ வேற அப்பன் புடிச்சிட்டாடோய்!"

யாரோ கூவ, களமே சிரித்தது. குழந்தை திரும்பி நடந்து, குவியலில் இடறி நெல்லுக்குள் முகம் புதைய விழுந்தது. சிரிப்பு நின்றது. புகழேந்தியின் முகம் கறுத்தது. வென்றுவிட்டோம் என்று ஒரு கணம் நம்பினாள் செம்மொழி.

நெல் கூட்டிக்கொண்டிருந்த காத்தாயி துடைப்பத்தைக் கீழே போட்டாள். "அட ஆத்தா! பார்வையே இல்லாமயா இத்தன குவியலத் தேத்துன? இது நம்மளப் போல கண்ணு இல்ல, சாமிக் கண்ணு!"

கைகள் குவிந்தன. கண்ணெதிரே நின்ற சான்றையும் மூடநம்பிக்கை விழுங்கி ஏப்பம் விட்டது. நிலையத்தின் எழுத்தர் ஈரப்பதக் கருவியை நெல்லில் செருகினார், தேறியது. ஆரவாரம்! புகழேந்தி மகளைத் தூக்கி முத்தமிட்டு, பட்டையை மெல்ல உரித்தான்.

"என்னங்க, அவளுக்கு ஒங்களயே தெரியல. பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்." என்றான் புகழேந்தி. "எல்லார் நெல்லும் எடை ஏறட்டும் செம்மொழி. நடுவுல நிறுத்துனா, யாரு நெல்லு தேறாட்டியும் பழி நம்ம மேலதான்."

"எம் பொண்ணு இனிமே எந்தக் குவியலுக்கும் வரமாட்டா!" என்று களம் அதிரக் கத்தினாள் அவள்.

ஒருவரும் சினக்கவில்லை. அடுத்த குவியலுக்கு உரியவர் பணிவாகத் தலையசைத்தார். "சரி தாயி. புள்ள அசந்துருக்கும். நாளைக்கி நானே வந்து அழைச்சிக்கிறேன்."

அவர் குழந்தையைக் கும்பிட்டார். பின்னால் நின்றவர்களும் கும்பிட்டார்கள். தந்தையின் தோளில் இருந்தபடி எழில்மொழி பல் தெரியச் சிரித்து, பதிலுக்குக் கைகூப்பினாள். அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.