துரைக்குத் தெளித்த பால்

என் வீட்டுக்காரர் குரு தேள் வளர்க்கிறார். வெளியில் சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே பாதி நேரம் நம்பிக்கை வருவதில்லை.

கரும்பு ஏற்றும்போது டிராக்டரிலிருந்து விழுந்து கால் முறிந்தவர், கம்பி வைத்துக் கட்டி வீட்டுக்கு வந்த பிறகு பேச்சையே விட்டுவிட்டார். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதைத் தவிர வாசலைத் தாண்டியதில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளுவார், அவ்வளவுதான். ஒரு நாள் விறகுக் குவியலிலிருந்து கருந்தேள் ஒன்று உள்ளே வந்தது. விளக்குமாற்றை ஓங்கினேன்.

"அடிக்காத புள்ள," என்றார்.

மாதக்கணக்கில் கேட்காத குரல். அதற்காக, வந்தது நல்ல பாம்பாக இருந்தாலும் விட்டிருப்பேன்.

பழைய மீன் தொட்டியில் மண்ணைப் போட்டு, உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்து அதைக் குடியேற்றினார். துரை என்று பெயரும் வைத்தார். துரையோடு பேசப் பேச, என்னோடும் நாலு வார்த்தை வர ஆரம்பித்தது.

போன மாதம் காலில் இருந்த கம்பியை எடுக்க அவருடைய அண்ணன் அவரைச் சேலத்துக்குக் கூட்டிப் போனார். துரை என் தலையில் விழுந்தது.

"மூடியில தண்ணி வெய்யி. கரப்பான் புடிச்சுப் போடு. துரைய பத்தரமா பாத்துக்க."

கரப்பானைக் கண்டால் கட்டில் மேல் ஏறுகிறவள் நான். பிடித்துப் போட்டேன். துரை சீண்டவே இல்லை. கரப்பான் அதன் முதுகில் ஏறி இறங்கி விளையாடியது. ஃபோனில் தேடினால் ஒருவர் ஈரம் வேண்டும் என்கிறார், இன்னொருவர் ஈரம் பட்டால் செத்துவிடும் என்கிறார். நான் காலையில் தண்ணீர் தெளித்து, மத்தியானம் காயவைத்தேன். இரண்டில் ஒன்றாவது சரியாக இருக்காதா?

தினமும் கூப்பிடுவார். காலைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது.

"துரை சாப்ட்டாரா?"

"சாப்ட்டாருங்க," என்பேன்.

வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவிச் சாம்பிராணி போட்டேன். வேறு நினைப்பில் தொட்டியைத் திறந்தே வைத்திருந்தேன். புகை அடங்கியபின் பார்த்தால், துரை மண் மேல் காலை விரித்துக் கிடந்தது. குச்சியால் தொட்டேன், அசையவில்லை. இடுக்கியால் தூக்கினேன், காய்ந்த இலை மாதிரி வந்தது. பட்டினியில் இளைத்து, புகையில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தேளுக்காக இல்லை. அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டால் நான் என்ன செய்வேன்?

குப்பையில் வீச மனசு வரவில்லை. வேலியோரப் புங்க மரத்தடியில் மஞ்சள் வைத்துப் புதைத்தேன். நம் ஆட்களுக்குச் செய்கிற மாதிரி மறுநாள் காலையில் போய்ப் பாலும் தெளித்தேன். அவரிடம் வாயைத் திறக்கவில்லை.

மரத்தடியிலிருந்து திரும்பி வந்து, தொட்டியைக் கழுவலாம் என்று ஓட்டுத் துண்டைத் தூக்கினால், அடியில் ஒரு தேள். வெளுத்துப்போய், துரையைவிடக் கொஞ்சம் பெரிதாக, உயிரோடு. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. திறந்திருந்தபோது வந்து விழுந்ததா? இதுதான் துரையைக் கொன்றதா? தேளுக்குத் தேள் பகை உண்டா? செருப்பை எடுத்துவிட்டேன். பிறகுதான் தோன்றியது, இதையே துரை என்று சொல்லிவிட்டால் என்ன? செருப்பைக் கீழே போட்டேன்.

அது நாளுக்கு நாள் கறுத்தது. ஏன் என்று தெரியவில்லை. நான் சொல்லப் போகும் பொய்க்குச் சாமியே சாயம் பூசுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஊன்றுகோலோடு வந்ததும் நேராகத் தொட்டிக்குத்தான் போனார். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இது யாரு?"

"துரைதாங்க."

"துரை இவ்ளோ பெருசில்லையே. எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பார்க்க முடியவில்லை. கரப்பான், சாம்பிராணி, புங்க மரம், பால் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் தொட்டியை விட்டு நிமிர்ந்தார். சரி, முடிந்தது, கட்டிலுக்குத்தான் போகப் போகிறார் என்று பயந்தேன். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வேறு பக்கம் நடந்தார். எங்கே என்று தெரியாமல் பின்னாலேயே போனேன்.

புங்க மரத்தடியில் மெதுவாக உட்கார்ந்து, கையால் மண்ணைக் கிளறி அதை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. தலைப்பக்கம் பிளந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"இது செத்த ஒடம்பில்ல சுகுணா. சட்ட. பாம்பு உரிக்கறாப்பல உரிச்சிருக்குது."

"தேளு கூடவா உரிக்கும்?"

"எனக்கும் தெரியாது. ஆனா உள்ள இருந்தது எங்க போவும்? அதுதான் வூட்ல இருக்குதே."

நான் பொய்யென்று நினைத்துச் சொன்னது நிஜமாக இருந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெறும் தோலுக்குப் பால் தெளிக்க வைத்த அந்தத் தேளின் மேல் கோபம் கோபமாக வந்தது.

அவர் அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன மாசமா என்னையும் இப்பிடித்தான் நெனச்சியா?"

"நீங்க மூணு வேளயும் சாப்ட்டீங்களே. அதனால நெனைக்கலீங்க."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தானாக வாசலைத் தாண்டி வந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவாரோ என்று இருந்தது.