முதல் தடவை பூசான் வந்தவள்

சிசெலுக்கு ஒரே ஒரு ஆசைதான். கைக்குழந்தையாக டென்மார்க்குக்குத் தத்துப் போனவள் முப்பது வயதில் பூசானுக்கு வந்திருந்தாள். இதற்காகவே இரண்டு வருஷம் கொரிய மொழி படித்திருந்தாள். காலையில் தத்து நிலையத்தில் பெற்றவள் சுன்தொக்கைப் பார்த்ததும் கேட்டும்விட்டாள்.

"யார்கிட்டயாவது ஒரே ஒரு தடவை 'இவ என் பொண்ணு'ன்னு சொல்லுங்கம்மா. அது போதும்."

சுன்தொக் தலையாட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் பெற்ற பிள்ளை. புருஷனுக்கும் தெரியாது, மகன்களுக்கும் தெரியாது. ஊர் சுற்றிக் காட்டுகிற சாக்கில் மலைமேல் வண்ண வீடுகளுக்குப் பேர்போன கம்ச்சொன்னுக்குக் கூட்டிப்போனால் அங்கே எல்லாம் வெளியூர்க் கூட்டம். யாராவது ஒரு காப்பிக் கடைக்காரியிடம் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். துணிச்சல்காரி போடுகிற கணக்கா அது?

இருவரும் ஏறிய பஸ் மீன் சந்தையில் நின்றபோது மால்ஜா ஏறினாள். புருஷனின் தங்கை.

"அட அண்ணி! கடையை மூடிட்டு எங்க ஊர்கோலம்? பக்கத்துல யாரு, உங்களை அப்படியே உரிச்சு வச்ச மாதிரி?"

சிசெல் சுன்தொக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டூரிஸ்ட்டு. முதல் தடவை வந்திருக்காளாம். வழி கேட்டா."

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. மகள் பக்கம் திரும்பி, பஸ்ஸுக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"இறங்கறப்பவும் பஸ் கார்டைத் தட்டணும், இல்லாட்டி அடுத்த பஸ்ஸுக்கு முழுக் காசு பிடிச்சுடும். மேல இருக்கறதெல்லாம் ஜனங்க குடியிருக்கற வீடுங்க, எட்டிப் பார்த்துடாதீங்க. மீன் வாங்கினா முதல் கடையிலயே வாங்காதீங்க, நாலு கடை விசாரிங்க. படி ஜாஸ்தி, மெத்துனு செருப்புப் போடுங்க..."

நிறுத்தினால் அழுதுவிடுவாள், அதனால் நிறுத்தவில்லை. பெற்ற மகளுக்கு அவள் சொன்ன முதல் புத்திமதியே இதுதான்.

சிசெல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அடுத்த நிறுத்தம் வந்ததும் எழுந்தாள். அது கம்ச்சொன் இல்லை, பார்க்க ஒன்றுமில்லாத ஒரு மேட்டுத் தெரு.

"ரொம்ப நன்றிங்க" என்று குனிந்து வணங்கிவிட்டு, கார்டைத் தட்டிப் பின்கதவு வழியாக இறங்கிப் போனாள்.

சுன்தொக் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டாள். மால்ஜா அவள் கையைப் பிடித்தபடி, பஸ் கிளம்பும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மரியாதை, பாருங்க அண்ணி! இப்படி ஒரு பொண்ணைப் பெத்தவ குடுத்து வச்சவ."

"ஆமா" என்றாள் சுன்தொக்.