புதன்கிழமை வந்த கோதுமை

புதன்கிழமையானால் நீலத்தொப்பிக்காரர்களின் லாரி ஊருக்குள் வரும். 1974 ஆகஸ்டில் துருக்கிப் படை வந்து, வடக்கு துருக்கியருக்கு, தெற்கு கிரேக்கருக்கு என்று சைப்ரஸ் தீவு இரண்டாக வெட்டுப்பட்ட பிறகு, வடக்கே கர்பாஸ் முனையில் மாட்டிக்கொண்ட கிரேக்கக் குடும்பங்களுக்கு வெளியுலகம் என்றால் அந்த ஐ.நா. லாரிதான். மாவு வரும், சர்க்கரை வரும், மண்ணெண்ணெய் வரும். தெற்கே ஓடிப்போன சொந்தக்காரர்கள் கட்டியனுப்பும் மூட்டைகளும் வரும்.

டெஸ்பூலா ஒரு புதனையும் விட்டதில்லை. லாரி காலியாகும்வரை நிற்பாள். மாவுக்காகவா நிற்பாள்? மாவு எல்லாருக்கும்தான் கிடைக்கிறது. அவள் புருஷன் லொயிசோஸ் ஜூலையில் படைக்குக் கூப்பிடப்பட்டுப் போனவன். ஆறு மாதமாகப் போகிறது, கைதியாக இருக்கிறானா, மண்ணுக்குள் போய்விட்டானா என்று சொல்ல ஒரு நாதியில்லை. இருந்த காலத்தில் அவன் குறட்டையை எவ்வளவு திட்டியிருப்பாள்! இப்போது அந்தக் குறட்டைக்கு ஏங்கினாள். அவன் கம்பளிச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, தெருவில் நாய் குரைத்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

கடிதம் என்று பார்த்தால் செஞ்சிலுவைச் சங்கத்துச் சீட்டு ஒன்றுதான். நாலு வரி எழுதலாம். அதையும் வழியில் பிரித்துப் படித்து, சாவுச் செய்தி என்றால் மை பூசி அழித்துவிடுவார்கள். எந்தப் புண்ணியவான் வேலையோ. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? வேறு வழி கண்டார்கள். செத்தவருக்காகக் கோதுமை அவித்து, திராட்சையும் பாதாமும் எள்ளும் கலந்து கோயிலில் எல்லாருக்கும் கொடுப்பது இவர்கள் வழக்கம். கோலிவா என்பார்கள். நவம்பரில் அடுத்த வீட்டு மரிக்கூவுக்குத் தெற்கிலிருந்து வந்த மூட்டையில் இந்த நாலு சாமானும் இருந்தன, ஒரு எழுத்தும் இல்லை. அவள் அன்றைக்கே கறுப்பு உடுத்தினாள். மகன் போனது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது.

ஜனவரியில் ஒரு புதன், நல்ல மழை. லாரியில் கடைசியாக ஒரு மூட்டை கிடந்தது. பெயர் எழுதிய சீட்டு நனைந்து கூழாகியிருந்தது. ஸ்வீடன்காரர் சார்ஜண்ட் எக்மன் அதைப் புரட்டிப் பார்த்தார், நனைந்துகொண்டு நின்ற டெஸ்பூலாவைப் பார்த்தார், அவள் கையில் வைத்துவிட்டார். தெற்கே லிமசோலில் இருக்கும் அக்காதான் அனுப்பியிருக்கிறாள் என்று அவள் ஓடாத குறையாக வீட்டுக்கு வந்தாள்.

பிரித்தால், கோதுமை. திராட்சை. பாதாம். ஒரு பொட்டலம் எள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று நாள் அடுப்பில் ஏற்றவில்லை. ஏற்றினால் அவனைத் தன் கையாலேயே புதைத்த மாதிரி அல்லவா? இது வெறும் சாப்பாட்டுச் சாமான் என்று மரிக்கூவிடம் சாதித்துப் பார்த்தாள்.

"எனக்கும் சாப்பாட்டுச் சாமான்தான்டி வந்துச்சு," என்றாள் மரிக்கூ.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது. அவன் ஆத்மா அலைகிறது, இவள் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. சனிக்கிழமை தலையில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு அவித்தாள். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் லொயிசோஸின் பெயரைச் செத்தவர்கள் வரிசையில் வாசித்தார். ஆளுக்கொரு கரண்டி வாங்கி, "ஆண்டவர் அவனை மன்னிக்கட்டும்" என்று சொல்லித் தின்றார்கள். அன்று அவள் விடியும்வரை தூங்கினாள். ஆறு மாதத்தில் முதல் தூக்கம். சீ, நானும் ஒரு பெண்டாட்டியா என்று காலையில் தன்னையே வைதுகொண்டாள்.

அடுத்த புதன் அவள் லாரிக்குப் போகவில்லை. லாரி ஆள்தான் வீடு தேடி வந்தது. முன்னால் நெவ்ஜாத், ஊர்க்காவலுக்குப் போட்டிருந்த துருக்கிக் கான்ஸ்டபிள். தெற்கே ஒரு கிராமத்தில் கிரேக்கப் பிள்ளைகளோடு வளர்ந்த பையன். பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எக்மன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. போன வாரம் உங்களுக்குக் குடுத்த மூட்டை எங்கம்மா எனக்கு அனுப்புனது," என்றான் நெவ்ஜாத். "நாளைக்கு எங்களுக்கு அஷூரே. கோதுமையும் பாதாமும் போட்டுப் பாயசம் காய்ச்சி அக்கம்பக்கம் குடுப்போம்ல, அதுக்கு."

அவன் அம்மா இன்னும் தெற்கிலேயே மாட்டிக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் ஏதாவது வருகிறது, இந்தம்மாவுக்கு மட்டும் வருவதே இல்லையே என்று இரக்கப்பட்டுத்தான் எக்மன் கொடுத்தாராம். அந்த மனுஷனுக்குக் கோலிவா தெரியுமா, அஷூரே தெரியுமா.

டெஸ்பூலா கதவைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அவரு சாகலையா?"

"எனக்கு அது தெரியாதுக்கா. இந்த மூட்டை அவரைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு, போக மனமில்லாமல் நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டான். அம்மாவைப் பார்த்து அவனுக்கும் ஆறு மாதம்தான். அவள் கையால் கல் பொறுக்கிய கோதுமை அது.

குளிர்காலம், கெட்டுப்போகவில்லை. ஜன்னலோரம் அரைக் கிண்ணம் இருந்தது. டெஸ்பூலா கரண்டியோடு கொண்டுவந்து கொடுத்தாள். நெவ்ஜாத் ஒரு கரண்டி எடுத்தான். சின்ன வயசிலிருந்து பார்த்த பழக்கம், வாய் தானாகத் தொடங்கியது.

"ஆண்டவர் அவரை..."

"சொல்லாதே," என்றாள் டெஸ்பூலா. "அவரு இருக்காரு. நீ சும்மா சாப்பிடு."

அவன் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டான். கண் நிறைந்து கிண்ணத்தில் சொட்டியது, துடைக்கவில்லை. எக்மன் ஒன்றும் புரியாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். டெஸ்பூலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி அந்தத் தூக்கம் கிடைக்காது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. தலையிலிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். லாரி காலியாவதற்குள் போய் நிற்க வேண்டுமே என்று செருப்பைத் தேடினாள்.